பூனைக்குட்டியும் பாற்சோறும்

மனிதனோடு கூடி வாழும் விலங்குகளுள் பூனை ஒரு தனி வரலாறு உடையது. ஆட்டையும் மாட்டையும் மனிதன் தன் தேவைக்காகப் பிடித்துப் பழக்கினான். பூனையோ, தானியத்தைத் தேடி வந்த எலியைத் தேடித் தானே மனிதனது இல்லத்தை அடைந்தது. உலகெங்கும் வீடுகளில் வாழும் பூனைகள் மேற்காசியக் காட்டுப்பூனை இனமொன்றின் வழித்தோன்றல்கள் என்பதை 2007ஆம் ஆண்டில் வெளிவந்த மரபியல் ஆராய்ச்சி நிறுவியது. சைப்பிரசுத் தீவிலே, ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையொன்றின் என்புக்கூடு கண்டெடுக்கப்பட்டமை 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வேளாண்மை தோன்றிய காலந்தொட்டே இவ்வுறவு நிலவி வந்ததென்பது இவற்றாற் பெறப்படும்.

நெல்லையே வாழ்வாகக் கொண்ட வன்னிப் பெருநிலத்தார்க்கு இவ்வுறவு புதியதன்று. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் கீழ் விளையும் நெல் முன்னாளிற் கொம்பறைகளிலே இடப்பட்டது. இந்நாளிற் சாக்கு மூடைகளாக வீட்டு அறைகளிலே அடுக்கப்படுகின்றது. கொம்பறை மறைந்தும் எலி மறையவில்லை. ஆகவே பூனையும் மறையவில்லை. தொல்காப்பியர் மரபியலிலே இளமைப் பெயர் வகுக்குமிடத்து, குட்டி என்னும் பெயர்க்கு உரியனவாகக் கீரி, வெருகு, எலி, அணில் என்னும் நான்கினையும் ஒருங்கு வைத்தார். வெருகு என்பது காட்டுப்பூனை. வைணவப் பெரியோர், இறைவனருள் ஆன்மாவைத் தாங்கும் வகையை விளக்குதற்கு, தாய்ப்பூனை தன் குட்டியை வாயாற் கௌவிச் செல்லும் மார்ச்சால நியாயத்தை எடுத்தாண்டனர். கம்பரோ தம் அவையடக்கத்திலே, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார். பூனையையும் பாலையும் சேர்த்து எண்ணும் வழக்கம் நம்மிடையே எத்துணைப் பழையது என்பதற்கு இவ்வுவமையே சான்றாகும்.

அவ்வழக்கத்தினால் விளையும் கேடு ஒன்றினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மரக்கறி உணவு கொள்ளும் நம் சைவ வீடுகள் பலவற்றிலே, பூனைக்குட்டியொன்று வந்து சேர்ந்ததும் பசுப்பாலிற் சோற்றைப் பிசைந்து வைப்பர். அன்போடு வைப்பர், குட்டியும் விருப்போடு உண்ணும். நாட்கள் செல்லச் செல்ல அதன் வயிறு ஊதும், கழிச்சல் காணும், உரோமம் மங்கும், விளையாட்டு ஒடுங்கும். சில குட்டிகள் இறந்தும் போம். ஆயின், அதே வீட்டில் அதே பாற்சோற்றை உண்ணும் மூத்த பூனை கொழுத்துத் திரியக் காண்கின்றோம். பெரியது வாழ, சிறியது நலிவது ஏன்? இவ்வினாவிற்கு விடை கண்டால், குட்டிக்கு உரிய உணவு யாது என்பதும் உடன் விளங்கும்.

பூனையின் உடலியல்பு

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்னும் பழமொழி வெறும் மானத்தைப் பற்றியதன்று. உடலமைப்பின் உண்மையும் அதனுள் அடங்கியிருக்கின்றது. இலங்கைக் காடுகளிலே பூனைக் குடும்பத்து விலங்குகள் நான்கு உள்ளன. அவை சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை என்பன. மானைக் கொல்லும் சிறுத்தைக்கும், உள்ளங்கை அகல எலியைக் கொல்லும் துருப்புள்ளிப் பூனைக்கும் பருமனில் வேற்றுமை பெரிது. உணவில் வேற்றுமை இல்லை. நான்கும் ஊனுண்ணிகள். வீட்டுப் பூனையும் அவற்றின் உறவினதே. நாய் மனிதனோடு சேர்ந்து சோற்றையும் ஓரளவு செரிக்கப் பழகியது. பூனையின் உடல் அவ்வாறு மாறவில்லை.

பூனையின் உமிழ்நீரில் மாப்பொருளைச் சிதைக்கும் நொதியம் இல்லை. இனிப்பை உணரும் ஆற்றலும் அதற்கு இல்லை. அதற்குரிய மரபணு பூனைக் குடும்பத்திற் பழுதுபட்டுள்ளதென 2005ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. ஆகவே பூனை பாலை நாடுவது அதன் இனிமைக்காக அன்று. கொழுப்பிற்கும் புரதத்திற்குமாகவே நாடுகின்றது. இன்னும், நம் உடல் கரட்டிலும் பப்பாசியிலும் உள்ள மஞ்சட் பொருளை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடல் மாற்றாது. நம் தோல் வெயிலிலே விற்றமின் டீயை ஆக்கும். பூனையின் தோல் போதிய அளவு ஆக்காது. இவ்விரண்டையும் பூனை தான் உண்ணும் உயிரின் ஈரலிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் ஆக்கிய நிலையிலேயே பெறுகின்றது. பல்லாயிரந் தலைமுறையாக ஊனே உணவாயிருந்தமையால், ஊனில் ஆயத்தமாகக் கிடைப்பனவற்றைத் தானே செய்துகொள்ளும் ஆற்றலைப் பூனையின் உடல் இழந்துவிட்டது என்பர் உடற்றொழிலியல் அறிஞர்.

தோரின் என்னும் பொருள்

இவ்வாறு பூனை ஊனிலிருந்தே பெறவேண்டிய பொருள்களுள் தலையாயது தோரின். இஃது அமினோவமிலங்களை ஒத்த ஒரு சேர்வை. மனிதன் இதனைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்வான். பூனை மிகச் சிறிதளவே ஆக்கவல்லது. அதனையும் பித்தவமிலங்களோடு சேர்த்துக் குடலினுட் செலுத்தி நாள்தோறும் இழக்கின்றது. ஆகவே இழப்பை ஈடுசெய்ய நாள்தோறும் உணவில் தோரின் வேண்டும். எலி, பறவை, மீன் ஆகியவற்றின் தசையிலும், சிறப்பாக இதயத்திலும் இது நிறைய உண்டு. நெல், பயறு, காய்கறி முதலிய நிலத்தாவர உணவுகளில் இல்லை எனலாம்.

இதன் இன்றியமையாமை வெளிப்பட்ட வரலாறு நம் பாற்சோற்றிற்கு மிக நெருங்கியது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹேய்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும், பாற்புரதமாகிய கேசீனையே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை அழிந்து போனதைக் கண்டனர். அவற்றின் குருதியில் தோரின் மிகக் குறைந்திருந்தது. புரதத்திற் குறைவில்லை, பாற்புரதம் ஊனின் இடத்தை நிரப்பாமையே குறை. 1987ஆம் ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாக அறிஞர், தோரின் குறைவினாற் பூனையின் இதயத் தசை தளர்ந்து விரிவடைதலையும், தோரின் ஊட்டியதும் இதயம் தேறுதலையும் வெளியிட்டனர். அதன் பின்னரே, பொதியுணவு செய்வோர் தோரினைக் கூடுதலாகச் சேர்க்கலாயினர். இதயம் தேறக்கூடும், அழிந்த விழித்திரை மீளாது. அழிவும் பல மாதங்களாக மெல்ல மெல்ல நிகழ்வதால், பூனை இருளில் முட்டி மோதும்வரை வீட்டார் அதனை அறியார்.

புதிரின் விடை

இனி, மூத்த பூனை வாழ்வதன் காரணம் தெளிவாகும். அது நம் கண்முன் பாற்சோற்றை உண்கின்றது. நாம் உறங்கும்போது எலியை உண்கின்றது. ஓர் எலி பூனைக்கு முழுமையான ஓர் உணவு. அதன் தசையிற் புரதமும் தோரினும், ஈரலில் விற்றமின் ஏயும், என்பிற் கல்சியமும், உடலெங்கும் நீரும் உள்ளன. நாம் வைக்கும் பாற்சோறு அதற்கு மேலதிகமே. சைவப் பூனை என்று நாம் பெருமை பேசும் பூனை, உண்மையில் இரவில் வேட்டையாடி உயிர் வாழ்கின்றது.

குட்டிக்கோ வேட்டையாடத் தெரியாது. தாய் உடனிருப்பின் நான்காம் வாரத்திலிருந்து இரை கொணர்ந்து பழக்கும். குட்டி தானே பிடித்துண்ணத் தேர்ச்சி பெற மூன்று நான்கு மாதங்கள் செல்லும். தாயைப் பிரித்து நாம் எடுத்து வந்த குட்டிக்கு நாம் இடுவதே முழு உணவு. அவ்வுணவு பாற்சோறாயின் அதற்கு வேறு வழியில்லை.

பசுப்பாலின் குறையும் இங்கே சேரும். தாய்ப்பூனையின் பாலில், பசுப்பாலில் உள்ளதைப்போல் இரு மடங்கிற்கு மேற்பட்ட புரதம் உண்டு, தோரினும் மிகுதி. பசுப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். புரதம் மூன்றரைப் பங்கிற்குக் கீழ். குட்டி வளர வளர, இலற்றோசு எனப்படும் பாற்சருக்கரையைச் சிதைக்கும் நொதியமும் அதன் குடலிற் குறைந்து செல்கின்றது. செரியாத பாற்சருக்கரை பெருங்குடலிற் புளித்து, வாயுவையும் கழிச்சலையும் உண்டாக்கும். வயிறு ஊதுவதைக் கண்டு குட்டி கொழுத்தது என மகிழ்வோரும் உளர். அது கொழுப்பன்று, செரிமானக் கேடாகவோ குடற்பூச்சியாகவோ இருத்தல் கூடும்.

பருவந்தோறும் உணவு

பிறந்த குட்டியின் நிறை ஏறத்தாழ 100 கிராம். நலமுடைய குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூடும். எட்டாம் வாரத்தில் பிறந்த நிறையின் ஏழெட்டு மடங்கை அண்மிக்கும். இவ்வளவு விரைந்து வளரும் உயிருக்கு, நிறைக்கு நிறை நோக்கின், பெரிய பூனைக்கு வேண்டிய ஆற்றலின் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். நம் மாணவர் ஒரு குட்டியை நாள்தோறும் சிறு தராசில் நிறுத்துக் குறித்து வரைபு வரைந்தால், வளர்ச்சி என்னும் பாடம் நூலின்றியே விளங்கும். நிறை இரண்டு நாள் கூடாது நிற்பின் உணவிற் குறையோ நோயோ உண்டென்று கொள்க.

முதல் நான்கு வாரம் தாய்ப்பாலே உணவு. எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயினின்று பிரித்தல் ஆகாது. தாய் இறந்த குட்டிக்கு, குட்டி ஈன்ற வேறொரு பூனை கிடைப்பின் அதுவே சிறந்த செவிலி. கிடையாவிடின், பூனைக்குட்டிக்கென ஆக்கிய பால்மாவைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுப் பெறல் வேண்டும். அது வந்து சேரும்வரை ஓரிரு நாட்களுக்கு மட்டும், நீர் கலவாத பாலில் முட்டை மஞ்சட்கருவை அடித்துக் கலந்து இளஞ்சூட்டிற் கொடுக்கலாம். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும் ஊட்டல் வேண்டும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு முதலில் வெம்மை ஊட்டுக. பின்னரே பால் ஊட்டுக. மல்லாத்திப் பிடித்து ஊட்டினாற் பால் சுவாசப்பையுட் செல்லும். தாயிடம் குடிப்பதுபோல் வயிறு கீழாக இருக்கவே ஊட்டுக. ஊட்டியபின், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் அடிவயிற்றையும் கழிவுவாயையும் மெல்ல ஒற்றினாலன்றிக் குட்டி சிறுநீர் கழியாது. இதனைத் தாய் நாவினாற் செய்யும்.

நான்காம் வாரத்தில் பால்மாக் கரைசலில் மசித்த மீனோ கோழியிறைச்சியோ கலந்து தட்டையான ஓட்டில் வைக்கலாம். எட்டாம் வாரத்தில் இறுகிய உணவு முழுமையாகும். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை என்பது முறை. குட்டியின் இரைப்பை சிறியதாகையால் ஒரே வேளையில் மிகுதியாக இடுவது பயன்படாது.

நம் பகுதியில் எளிதிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இவ்வுணவை ஆக்கலாம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் சூடை, கீரி முதலிய சிறுமீன்களும், குளங்களில் நிறைந்த திலாப்பியாவும், கோழியின் இதயமும் போதும். உப்பும் சரக்கும் இடாது அவித்து, மூன்று பங்கு மீன் அல்லது இறைச்சிக்கு ஒரு பங்கு குழைந்த சோறு சேர்த்து மசித்தல் வேண்டும். எட்டு வாரக் குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிராம் கலவையை நான்கு வேளையாகப் பகுத்து இடலாம். அவித்த நீரைக் கொட்டுதல் கூடாது. தோரின் நீரிற் கரைந்து வெளியேறுவதால் அந்நீரையே உணவிற் சேர்த்தல் வேண்டும். பூனை வறண்ட நிலத்து விலங்கின் வழிவந்தமையால் நீர் அருந்துதல் குறைவு. உணவிற் சேரும் நீர் அக்குறையையும் தீர்க்கும். தூய நீர் எந்நேரமும் மண்சட்டியில் இருத்தல் வேண்டும்.

இங்கே ஒன்றனைக் கருதுக. என்பு நீக்கிய இறைச்சியை மட்டும் இட்டு வளர்த்தலும் பாற்சோற்றை ஒத்த பிழையே. இறைச்சியிற் பொசுபரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. அந்நிலையிற் குட்டியின் உடல் தன் என்பிலிருந்தே கல்சியத்தைக் கரைத்தெடுக்கும். என்பு மெலிந்து, சிறு துள்ளலிலே முறியும். சிறுமீனை முள் பஞ்சாகும்வரை அவித்து முள்ளோடு மசித்தால் இக்குறை நீங்கும். என்பற்ற இறைச்சியாயின் 500 கிராமிற்கு அரைத் தேக்கரண்டி நிரம்ப முட்டையோட்டு நுண்தூள் சேர்க்கலாம்.

விலக்கத்தக்கன

மிகுதியால் வரும் கேடும் உண்டு. ஈரல் வாரம் ஒருமுறை சிறு துண்டளவே நன்று. நாள்தோறும் இட்டால் விற்றமின் ஏ மிகுந்து கழுத்தென்புகள் இறுகும். பச்சை மீன் சிலவற்றில், சிறப்பாக அவற்றின் குடலில், விற்றமின் பி ஒன்றை அழிக்கும் நொதியம் உண்டு. அவித்தால் அது கெடும். கொழுப்பு மிக்க மீனையே நாள்தோறும் இடுதலும் உடற்கொழுப்பை அழற்சியுறச் செய்யும். ஆகவே மீனையும் இறைச்சியையும் மாற்றி மாற்றி இடுக. முட்டையை அவித்தே கொடுக்க.

வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பன. எனவே நம் கறிக்குழம்பிற் சோற்றைக் குழைத்து வைத்தல் தீது. கருவாட்டின் உப்பும் குட்டிக்கு ஆகாது. பெருமீன் முள்ளும் சமைத்த கோழி என்பும் தொண்டையிலும் குடலிலும் தைக்கும். பாணும் விசுக்கோத்தும் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்கா. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோல் வில்லை பூனைக்கு நஞ்சு. அதனைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலிற் போதிய அளவில் இல்லை. ஒரு வில்லையே உயிரைப் போக்கும். வட்டப்புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டியை அடைவதால், எத்துணை நல்லுணவு இடினும் பூச்சி மருந்து கொடாவிடின் பயன் புழுவிற்கே போம். மருந்தின் அளவை அரச கால்நடை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

அறத்தின் வினா

சைவ வீட்டிலே மீன் அவிப்பது எங்ஙனம் என்னும் வினா எழும். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. வள்ளுவர் புலான் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். நம் முன்னோர் அவற்றை வாழ்ந்து காட்டினர். ஆயின், அவ்வறம் நன்று தீது தெரிந்து, ஒன்றை விலக்கி ஒன்றைக் கொள்ளும் ஆற்றலுடைய மனிதனை நோக்கிக் கூறப்பட்டது. ஊனை விலக்கினால் நமக்கு உடல் கெடாது. பூனைக்குக் கண் கெடும், இதயம் கெடும். நம் நோன்பை நாம் நோற்கலாம். நம்மை அண்டி வாழும் வாயில்லா உயிரின்மேல் அதனைச் சுமத்தி, அது மெல்ல மெல்ல மாய்வதைப் பார்த்திருத்தல் கொல்லாமையின் எப்பகுதியிற் சேரும்?

மீனும் ஓர் உயிரே என்பது உண்மை. அதனைக் கருதுவோர்க்கும் வழி உண்டு. மீன் வெட்டுமிடத்திற் கழிக்கும் தலையும், கோழிக்கடையில் வாங்குவாரின்றிக் கிடக்கும் இதயமும் குட்டிக்குப் போதுமாகலின், குட்டிக்கென வேறோர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லை. தலையை அவித்து வல்லென்பை நீக்கிக் கொடுக்கலாம். அடுக்களையில் ஊன் புகுதல் ஆகாதெனின், புறத்தே தனி அடுப்பும் தனிச் சட்டியும் வைக்கலாம். அதுவும் இயலாதார், வளருங் குட்டிக்கென ஆக்கிய முழுமையான பொதியுணவை, உறையில் தோரின் குறிக்கப்பட்டுள்ளதா என நோக்கி நகரக் கடைகளில் வாங்கி இடலாம். எதுவும் இயலாதார் குட்டியை மீனுண்ணும் அயலாரிடம் ஒப்படைத்தலே நேர்மை. பேண முடியாத எண்ணிக்கையிற் குட்டிகள் பெருகாதவாறு, வளர்ந்த பூனைக்குக் கருத்தடை செய்வித்தலும் இவ்வறத்தின் பாற்பட்டதே.

ஓர் உயிரை ஓம்புதலாவது, அதன் இயல்பை அறிந்து அதற்கேற்ப ஊட்டுதல். பசுவிற்குப் புல்லும், குயிலுக்குப் பழமும் இடும் கை, பூனைக்குட்டிக்கு மட்டும் தான் உண்பதையே இடுதல் அன்பின் குறைவால் அன்று, அறிவின் குறைவால். அக்குறையை நீக்குதல் கல்விக்கூடங்களின் கடமையாகும். இம்மலரைப் படிக்கும் மாணவர், தம் வீட்டுக் குட்டியின் ஓட்டிலே இன்று என்ன இருக்கின்றது என்று ஒருமுறை நோக்குவாராக.